ரொட்டிக்கு முன்னும் பின்னும்: யூதச் சட்டத்தில் ஒரு வேளைச் சாப்பாடு

நிலத்தில் கோதுமை விளையும், ரொட்டி விளையாது. கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, அரைத்து, சலித்து, பிசைந்து, சுட்டு எடுத்தால்தான் ரொட்டி. மண்ணையும் மழையையும் வெயிலையும் விட்டால் மற்றதெல்லாம் மனிதர் கைவேலை. ஆனால் யூதர்கள் ரொட்டியை வாயில் வைப்பதற்கு முன் சொல்லும் துதியில் இந்தக் கைகளைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. "எங்கள் கடவுளாகிய ஆண்டவரே, உலகின் அரசரே, நிலத்திலிருந்து ரொட்டியை வெளிவரச் செய்பவரே, உமக்குத் துதி." இவ்வளவுதான். எபிரேயத்தில் பத்துச் சொற்கள். கடைசிப் பகுதி 104ஆம் சங்கீதத்தின் ஒரு வரியை ஒட்டி அமைந்தது. அதில் வரும் ‘ஹமோட்ஸி’ என்ற சொல்லே இந்தத் துதிக்குப் பெயராகிவிட்டது.

கோதுமையை விளைவிப்பவர் என்று சொல்லியிருந்தால் கேள்வியே எழாது. ரொட்டியை நிலத்திலிருந்து வரச் செய்பவர் என்று ஏன் சொன்னார்கள்? தெரிந்தேதான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். யூத மரபில் சாப்பாட்டைச் சுற்றிச் சட்டங்கள் ஏராளம். அவற்றின் நடுவே ரொட்டிக்குத் தனி இடம். அந்த இடம் ஏன் கிடைத்தது என்று பிடித்துவிட்டால், வெளியிலிருந்து பார்க்கும்போது வெறும் நுணுக்கமாகத் தெரிகிற பல விதிகள் ஒரே திசையில் போவது புரியும்.

உழைப்பை ரபிகள், அதாவது யூதச் சட்ட அறிஞர்கள், மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதில் பென் ஸோமா என்ற அறிஞரின் பேச்சு ஒன்று இருக்கிறது. ஆதாம் ஒரு துண்டு ரொட்டி தின்ன என்ன பாடு பட்டிருப்பான் என்று அவர் வியக்கிறார். உழுதான், விதைத்தான், அறுத்தான், கட்டுக் கட்டினான், போரடித்தான், தூற்றினான், பொறுக்கினான், அரைத்தான், சலித்தான், பிசைந்தான், சுட்டான், அதற்கப்புறம்தான் தின்றான். நானோ காலையில் எழுந்தால் இவையெல்லாம் எனக்காகத் தயாராக இருக்கின்றன என்கிறார். அத்தனை பேருடைய வேலையையும் வரிசையாக எண்ணிப் பார்த்த அதே மரபுதான், சாப்பிடும் நேரத்தில் நிலத்தையும் கடவுளையும் மட்டும் சொல்லச் சொல்கிறது.

யாருடைய சொத்து?

கி.பி. 200 வாக்கில் ரபி யெஹூதா ஹநாசி தொகுத்த மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பின் முதல் நூல் ‘பெராக்கோத்’. துதிகள் என்று பொருள். அதன் ஆறாம் அத்தியாயம் எந்த உணவுக்கு எந்தத் துதி என்று சொல்கிறது. மரத்தில் காய்ப்பதற்கு ஒன்று, தரையில் விளைவதற்கு ஒன்று, திராட்சை மதுவுக்குத் தனியாக ஒன்று, ரொட்டிக்குத் தனியாக ஒன்று. பாபிலோனிய தல்மூத் இந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, சாப்பிடும் முன் துதி சொல்ல வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. வேத வசனங்களிலிருந்து தேற்றிக் காட்டப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வாதமாக உடைகிறது. கடைசியில், இது பகுத்தறிவே சொல்லும் விஷயம் என்று நிற்கிறார்கள். துதி சொல்லாமல் இந்த உலகத்தின் எதையும் அனுபவிப்பது தடை.

அந்தத் தடையை மீறினால் என்ன குற்றம்? நன்றி கெட்டதனம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்ப்போம். தல்மூத் பயன்படுத்துவது கோயில் சொத்துச் சட்டத்தின் மொழி. எருசலேம் ஆலயத்துக்கு ஒப்புக்கொடுத்த பொருளைத் தன் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்பவன் செய்யும் குற்றத்தை, துதி சொல்லாமல் சாப்பிடுபவன் செய்கிறான் என்கிறது. ரபி லேவி இதற்கு இரண்டு சங்கீத வரிகளை எதிரெதிரே வைக்கிறார். பூமியும் அதில் உள்ள யாவும் ஆண்டவருடையவை என்கிறது ஒன்று. வானம் ஆண்டவருடையது, பூமியை மனிதருக்குக் கொடுத்தார் என்கிறது மற்றொன்று. எது சரி? இரண்டும் சரி. முதலாவது துதிக்கு முன்னால் உள்ள நிலை. இரண்டாவது துதிக்குப் பின்னால் உள்ள நிலை.

இந்த இடத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். இயேசு அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டார் என்று வாசித்துப் பழகிய நமக்கு, சாதாரண ரொட்டி அந்தச் சொற்களால் புனிதமாகிறது என்ற எண்ணம் இயல்பாக வந்துவிடும். தல்மூதின் கணக்கு நேரெதிர். ரொட்டி ஏற்கெனவே கடவுளின் உடைமை. அந்த அளவில் புனிதமானது, தொடக்கூடாதது. துதி சொன்ன பிறகுதான் அது மனிதன் வாயில் போடக்கூடிய சாதாரணப் பொருளாகிறது. துதி ரொட்டியை நோக்கிச் சொல்லப்படுவதும் இல்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் உரிமையாளரிடம் பேசுவது. ஒருவகையில் அனுமதி கேட்பது.

சரி, ரொட்டிக்கு மட்டும் ஏன் தனித் துதி? கோதுமையும் தரையில் விளைவதுதானே? இங்கே துதிகளின் படிநிலை தெளிவாக ஒன்றைக் காட்டுகிறது. கோதுமை மணியை அப்படியே மென்றால் நிலத்தின் விளைச்சலுக்கான பொதுத் துதி போதும். அதே கோதுமையைக் கஞ்சியாகவோ பணியாரமாகவோ சமைத்தால் ‘பல வகை உணவுகளைப் படைத்தவரே’ என்ற வேறு துதி. அதை ‘மெஸோனோத்’ என்பார்கள். ரொட்டியாகச் சுட்டால் ஹமோட்ஸி. திராட்சையும் அப்படியே: பழமாகத் தின்றால் மற்றப் பழங்களைப் போலத்தான், மதுவானால் தனித் துதி. இரண்டிலும் மனித வேலை ஏற ஏறத் துதியும் மேலே போகிறது. ‘இது என் கைவேலை’ என்று சொல்லிக்கொள்ள எந்த உணவில் அதிக இடம் இருக்கிறதோ, அந்த உணவில்தான் அதைச் சொல்லவிடாமல் தடுக்கும் சொற்கள் மிக உறுதியாக இருக்கின்றன.

பசியைவிட நிறைவு ஆபத்தானது

இதற்கு வேர் வேதத்தின் உபாகம நூல் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. யூதச் சட்டப்படி, சாப்பாட்டுத் துதிகளில் நேரடியாக வேதக் கட்டளையாக வந்தது சாப்பிட்ட பின் சொல்லும் துதி மட்டுமே. ‘நீ சாப்பிட்டு நிறைவடைந்து, அவர் உனக்குக் கொடுத்த நல்ல நிலத்துக்காக உன் கடவுளாகிய ஆண்டவரைத் துதிப்பாய்’ என்கிறது பத்தாம் வசனம். முன்னால் சொல்லும் ஹமோட்ஸி உட்பட மற்ற உணவுத் துதிகள் பெரும்பாலும் ரபிகள் ஏற்படுத்தியவை.

பசியோடு உட்கார்ந்தவனுக்குக் கடவுள் ஞாபகம் தானாகவே வரும். அப்படியிருக்க, வேதம் ஏன் வயிறு நிறைந்த பிறகு சொல்லச் சொல்கிறது? அதே அதிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வாசித்தால் பதில் கிடைக்கிறது. நீ சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறி, ஆடு மாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது உன் இதயம் மேட்டிமை கொண்டு, என் பலமும் என் கையின் வலிமையும் இந்தச் செல்வத்தைத் தந்தன என்று சொல்லாதபடி பார்த்துக்கொள் என்று அது எச்சரிக்கிறது. மறதி நிறைவோடு சேர்ந்து வரும் என்பது உபாகமத்தின் கணிப்பு. பாலைவனத்தில் மன்னா தின்ற நாற்பது ஆண்டுகளில் இந்த ஆபத்து குறைவு; மன்னா வானத்திலிருந்து விழுந்தது, யாரும் உழவில்லை. உழுது, அறுத்து, சுட்டுச் சாப்பிடும் வாழ்க்கை தொடங்கும்போதுதான் ஆபத்தும் தொடங்குகிறது. ரொட்டி அந்த வாழ்க்கையின் உணவு.

கை கழுவுதல்

ரொட்டி சாப்பிட உட்காருவதற்கு முன் கை கழுவ வேண்டும். சுத்தத்துக்கான கழுவல் வேறு, இது வேறு. கை ஏற்கெனவே சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கு ஏதும் ஒட்டியிருக்கக் கூடாது. மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் ஒரு பாத்திரத்தில் நீர் எடுத்து வலக்கையில் இரண்டு அல்லது மூன்று தடவை, பிறகு இடக்கையில் அதே போல ஊற்ற வேண்டும். யூத வீடுகளிலும் உணவகங்களிலும் இரண்டு கைப்பிடி வைத்த குவளை இதற்கென்றே இருக்கும். நீரின் குறைந்த அளவு ‘ரெவீத்’ என்ற பழைய அளவை. ஒரு கணக்கின்படி 86 மில்லிலிட்டர், கடுமையான கணக்கின்படி 150. நீர் ஒருவர் கையின் விசையால் விழ வேண்டும் என்பதால் குழாயடியில் கையைக் காட்டினால் போதாது என்பார்கள். கழுவியதும் அதற்கான துதி, பிறகு துடைப்பு, பிறகு ரொட்டியை வாயில் வைக்கும்வரை பேச்சில்லை.

எல்லாம் ஆலயத்திலிருந்து வந்த பழக்கம். விளைச்சலில் ஒரு பங்கை ஆசாரியர்களுக்குக் கொடுக்க வேண்டும். ‘தெரூமா’ எனப்படும் அந்தப் பங்கை அவர்கள் தீட்டில்லாமல் சாப்பிட வேண்டும். எங்கெங்கோ தொட்ட கை அதைத் தீட்டாக்கிவிடும் என்பதால் அவர்களுக்குக் கை கழுவல் விதியானது. ஆசாரியர்கள் பழக வேண்டும் என்பதற்காக அதை எல்லா யூதர்களுக்கும் ரபிகள் விரித்தார்கள். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு, கோயிலோடு முடிந்திருக்க வேண்டிய இந்த விதி வீட்டுக்கு வீடு தொடர்ந்தது. ஆலயம் இருந்தவரை பலிபீடம் மனிதனுக்குப் பரிகாரம் செய்தது, இப்போது அவனுடைய சாப்பாட்டு மேசை செய்கிறது என்று தல்மூதில் ஒரு வாக்கு உண்டு. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் பரிசேயர்கள் சீடர்களைக் குறித்து இயேசுவிடம் கேட்கும் கேள்வியும் இந்தக் கழுவலைப் பற்றியதுதான்.

இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ரபி அகிவாவின் சிறைக் கதையைச் சொல்வார்கள். ரோமச் சிறையில் இருந்த அவருக்கு ரபி யெஹோஷுவா என்பவர் தினமும் அளவாகத் தண்ணீர் கொண்டுவருவார். ஒருநாள் காவலன், இவ்வளவு தண்ணீர் எதற்கு, சிறைச் சுவரைக் கரைக்கவா என்று கேட்டுப் பாதியைக் கொட்டிவிட்டான். மிச்சத்தோடு உள்ளே வந்தவரிடம் அகிவா முதலில் கை கழுவத் தண்ணீர் கேட்கிறார். குடிக்கவே காணாதே, கழுவ எப்படிக் காணும் என்கிறார் வந்தவர். என் தோழர்கள் விதித்ததை மீறுவதைவிட நானாகச் சாவது மேல் என்கிறார் அகிவா. தண்ணீர் வந்து கை கழுவும்வரை அவர் எதையும் சாப்பிடவில்லை. கட்டளை வேதத்திலிருந்து வந்தது அல்ல, சக அறிஞர்கள் போட்டது என்பதுதான் இந்தக் கதையில் என்னை நிறுத்துகிறது. ஒரு சமூகம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒழுங்குக்கு அவர் அவ்வளவு மதிப்புத் தருகிறார்.

பிட்கும் நேரம்

ஹமோட்ஸி சொல்லும்போது பத்து விரல்களும் ரொட்டியின் மேல் இருக்க வேண்டும். சஃபேத் ஊரில் வாழ்ந்த ரபி யோசேஃப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான ‘ஷுல்ஹான் ஆருக்’ என்ற சட்டத் தொகுப்பு இதற்குக் காரணம் சொல்கிறது. தானியத்தைச் சுற்றிப் பத்துக் கட்டளைகள் உண்டு. பத்து விரல் அவற்றுக்கு. மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டாதே என்பது ஒன்று. வேறு வேறு விதைகளைக் கலந்து விதைக்காதே என்பது ஒன்று. சிந்திய கதிரையும், மறந்து விட்ட கதிர்க்கட்டையும், வயலின் ஓரத்து விளைச்சலையும் ஏழைகளுக்கு விட்டுவிடு என்பவை மூன்று. பிறகு முதற்கனி, ஆசாரியர் பங்கு, இரண்டு வகைத் தசமபாகம், பிசைந்த மாவிலிருந்து எடுத்து வைக்கும் ‘ஹல்லா’. துதியில் காணாமல் போன உழவும் அறுப்பும் மாவு பிசைதலும் விரல்களில் திரும்பி வந்துவிடுகின்றன. திரும்பி வரும்போது ‘நான் செய்தேன்’ என்ற உரிமையாக வருவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உன் கை எதை விட்டுக்கொடுத்தது என்ற கணக்காக வருகிறது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது மறந்து விட்ட கட்டு. வயலில் ஒரு கதிர்க்கட்டை மறந்துவிட்டு வந்தால் திரும்பிப் போய் எடுக்கக் கூடாது, அது ஏழையுடையது. மறதியால் மட்டுமே நிறைவேற்ற முடிகிற கட்டளை.

துதிக்கும் முதல் வாய்க்கும் இடையே பேசக் கூடாது. பேசினால் திரும்பத் துதி சொல்ல வேண்டும். ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்த பேச்சுக்கு விலக்கு உண்டு: ‘இந்தா, எடுத்துக்கோ’, ‘உப்பைக் கொண்டு வா’ என்றெல்லாம் சொல்லலாம். தல்மூதில் ரவ் ஷேஷெத் இன்னும் ஒரு படி போகிறார். ‘மாட்டுக்குத் தீவனம் கலக்கு’ என்று சொன்னாலும் பரவாயில்லை என்கிறார். மாட்டுத் தீவனம் எப்படி என் சாப்பாட்டோடு சேர்ந்த பேச்சாகும்? தன் மாட்டுக்குப் போடாமல் ஒருவன் சாப்பிடக் கூடாது என்பதால்தான். உபாகமத்தில் ‘உன் கால்நடைகளுக்குப் புல் தருவேன்’ என்பது முதலில் வருகிறது, ‘நீ சாப்பிட்டு நிறைவடைவாய்’ என்பது அடுத்து வருகிறது. ஆக, உழுத மாட்டைப் பற்றிய பேச்சு அந்தத் துதியைக் குலைக்காது.

ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிடுவது பலியோடு உப்பு சேர்க்கச் சொன்ன லேவியராகமத்தின் எதிரொலி. முழு ரொட்டி இருக்கும்போது துண்டு ரொட்டியின் மேல் துதி சொல்வதில்லை. வார ஓய்வு நாளான சப்பாத்தில் இரண்டு முழு ரொட்டிகள் வேண்டும். பாலைவனத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மன்னா இரட்டைப் பங்கு கிடைத்ததன் நினைவு அது. வெள்ளிக்கிழமை இரவு மதுக் கிண்ணத்தின் மேல் துதி சொல்லி முடியும்வரை அந்த ரொட்டிகளைத் துணியால் மூடி வைப்பார்கள். நிலத்தின் ஏழு விளைபொருள்களைச் சொல்லும் வசனத்தில் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் பிறகுதான் திராட்சை வருகிறது. முறைப்படி ரொட்டிக்குத்தான் முதல் மரியாதை. அதை விட்டு மதுவுக்கு முதலில் துதி சொல்வதை ரொட்டி பார்த்து அவமானப்படக் கூடாதாம். ரொட்டியை எறியக் கூடாது, அதன் மேல் பச்சை இறைச்சியை வைக்கக் கூடாது, நிறைந்த கிண்ணத்தை அதன் மேலாக நீட்டக் கூடாது என்ற தல்மூத் விதிகளும் இதே மரியாதையைச் சேர்ந்தவை.

யார் பிட்க வேண்டும்? வீட்டுக்காரர். யார் சாப்பாட்டுக்குப் பின் துதி சொல்ல வேண்டும்? விருந்தாளி. ரபி ஷிமோன் பார் யோஹாயின் பெயரால் வரும் விதி இது. வீட்டுக்காரர் பிட்டால் தாராளமாகப் பெரிய துண்டாகப் பிட்பார். விருந்தாளி கடைசியில் துதி சொன்னால் வீட்டுக்காரரை வாழ்த்திவிட்டு முடிப்பார். இரண்டு பேருடைய மனசையும் அறிந்து போட்ட விதி.

ரொட்டிக்குத் துதி சொல்லிவிட்டால், அந்தச் சாப்பாட்டின் அங்கமாக வரும் குழம்பு, மீன், இறைச்சி, காய்கறி எதற்கும் தனித் துதி வேண்டாம். மதுவும், கடைசியில் வரும் பழமும் விதிவிலக்கு.

எது ரொட்டி?

இவ்வளவு எடை ஒரு சொல்லின் மேல் ஏறிய பிறகு, எது ரொட்டி என்ற கேள்வியும் கனமாகிவிடுகிறது. ரொட்டியென்றால் கை கழுவ வேண்டும், ஹமோட்ஸி சொல்ல வேண்டும், பின்னால் நீண்ட துதி சொல்ல வேண்டும். ரொட்டி இல்லையென்றால் மெஸோனோத்தும், பின்னால் ஒரு சுருக்கமான துதியும் போதும்.

முதல் வரம்பு தானியம். கோதுமை, வாற்கோதுமை, இவற்றின் உறவான ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் என்று ஐந்து தானியங்களில் செய்ததே ரொட்டி. மிஷ்னாவின் எபிரேயப் பெயர்களில் ஒன்று உண்மையில் ஓட்ஸைத்தான் குறிக்கிறதா என்று இக்காலத் தாவரவியலாளர்கள் சிலர் ஐயப்படுகிறார்கள், வழக்கம் மாறவில்லை. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படுகிறது. ஓட்ஸ் மாவில் செய்த ரொட்டிக்கு ஹமோட்ஸி உண்டு. அரிசி மாவிலோ மரவள்ளி மாவிலோ செய்த ரொட்டிக்குக் கிடையாது.

அரிசி நம் உணவு என்பதால் அதன் வழக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரபி யோஹானான் பென் நூரி என்ற அறிஞர் அரிசியும் தானிய வகைதான் என்று வாதாடினார். மற்றவர்கள் ஏற்கவில்லை. ஆனால் வயிற்றைத் தாங்கும் உணவு என்பதால் அரிசிக்குச் சாதாரண விளைபொருள் துதியைவிட உயர்ந்த மெஸோனோத் கிடைத்தது. சாப்பிட்ட பிறகோ, ஐந்து தானியங்களுக்குரிய துதி கிடையாது; தண்ணீர் குடித்தாலும் சொல்லும் பொதுத் துதிதான். முன்னால் தானியமாகவும் பின்னால் தானியமல்லாததாகவும் அரிசி நிற்கிறது. அரிசி மாவில் ரொட்டியே சுட்டாலும் நிலை இதுதான்.

அடுத்த வரம்பு இனிப்பு. ‘கிஸ்னினாக வரும் ரொட்டி’ என்று தல்மூத் ஒரு வகையைச் சொல்லி, அதற்கு மெஸோனோத் போதும் என்கிறது. அது என்னவென்று விளக்கவில்லை. பிற்கால அறிஞர்கள் மூன்று விளக்கம் தந்தார்கள். சர்க்கரையும் கொட்டைகளும் உள்ளே வைத்துச் சுட்டது என்றார் ஒருவர். தேனோ எண்ணெயோ பாலோ விட்டுப் பிசைந்தது என்றார் ஒருவர். மொறுமொறுவென்று காய்ந்து உடைவது என்றார் ஒருவர். யோசேஃப் காரோ மூன்றையும் ஏற்றுக்கொண்டார். பிசைந்த மாவில் இனிப்பு நாக்குக்குத் தெரிந்தாலே அது ரொட்டி அல்ல என்பது அவர் வழி. கிராக்கோவ் நகரத்து ரபி மோஷே இஸ்ஸர்லெஸ், ஐரோப்பிய அஷ்கெனாஸி யூதர்களுக்காக அதில் குறிப்பெழுதும்போது, லேசான இனிப்பு போதாது, தேனோ மசாலாவோ தூக்கலாக இருந்தால்தான் ரொட்டி நிலையை இழக்கும் என்றார்.

இந்தக் கருத்து வேறுபாடு இன்றும் மேசையில் இருக்கிறது. அஷ்கெனாஸி வீடுகளில் சப்பாத்துக்கு முட்டையும் சர்க்கரையும் சேர்த்துப் பின்னிச் சுடும் ரொட்டி அவர்களுக்கு முழு ரொட்டி. காரோவின் தீர்ப்பைப் பின்பற்றும் செஃபார்டி (ஸ்பெயின் வழி வந்த மரபு) யூதர் ஒருவருக்கு, இனிப்பு தெரிந்தால், அது பலகார வகை; சப்பாத் சாப்பாட்டை அதை வைத்துத் தொடங்க முடியாது. அதனால் அவர்கள் தண்ணீரில் பிசைந்த ரொட்டியைத் தேடுவார்கள். பாஸ்காவுக்குரிய புளிக்காத மட்ஸா மொறுமொறுவென்று இருப்பதால், மற்ற நாட்களில் அதற்கு மெஸோனோத் சொல்லும் செஃபார்டிகள் பலர். அஷ்கெனாஸிகள் ஆண்டு முழுவதும் ஹமோட்ஸி சொல்கிறார்கள்.

பலகாரத்தையே சாப்பாடாக்கினால்? அப்போது அது ரொட்டிக்குச் சமம். நான்கு முட்டை அளவு தின்றால் சாப்பாடு என்று சிலரும், ஒரு முழுவேளைக்கு ஆகும் அளவு வேண்டும் என்று வேறு சிலரும் கணக்குச் சொல்கிறார்கள். பிட்சா வந்ததும் இந்த விவாதம் சூடுபிடித்தது. ஷுல்ஹான் ஆருக் காலத்திலேயே இறைச்சியோ மீனோ பாலாடைக்கட்டியோ வைத்து அடுப்பில் சுட்ட பண்டத்துக்கு ஹமோட்ஸி என்று தீர்ப்பு இருக்கிறது. பழப்பாகு வைத்தது தின்பண்டம், பாலாடைக்கட்டி வைத்தது சாப்பாடு என்ற பிரிவை வைத்து, பிட்சா எப்போதுமே ரொட்டிதான் என்பார்கள் ஒரு தரப்பு. ஒரு துண்டைக் கொறித்தால் மெஸோனோத், இரண்டு மூன்று தின்று பசியாறினால் ஹமோட்ஸி என்பார்கள் இன்னொரு தரப்பு. விமானங்களில் யூதர்களுக்கான உணவோடு வரும் சிறு ரொட்டிகளும் இப்படித்தான் சர்ச்சையாயின. பயணி எழுந்து போய்க் கை கழுவ வேண்டியதில்லை என்பதற்காகத் தண்ணீருக்குப் பதில் பழச்சாற்றில் பிசைந்து, ‘மெஸோனோத்’ என்று எழுதித் தருவார்கள். சுவையும் உருவமும் ரொட்டி, தட்டில் முழுச் சாப்பாடு, பெயர் மட்டும் பலகாரமா என்று பல ரபிகள் கண்டித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நின்று, கழுவி, சொல்லி, அப்புறம் தின்பது என்ற தடங்கலுக்காகத்தான் இந்தச் சட்டம் முழுவதும் இருக்கிறது. தடங்கலைத் தவிர்ப்பதற்கென்றே ரொட்டியை மாற்றிச் சுட்டால் சட்டம் எதற்கு?

நிறைந்த பிறகு

சாப்பாட்டுக்குப் பின் சொல்வது ‘பிர்காத் ஹமாஸோன்’. நான்கு துதிகள் சேர்ந்த நீண்ட உரை. சாப்பிட்ட இடத்திலேயே சொல்ல வேண்டும். அதற்குமுன் கத்திகளை எடுத்துவிடுவதோ மூடுவதோ வழக்கம். பலிபீடத்தின் கல்லில் இரும்பு படக் கூடாது என்ற விதி மேசைக்கு வந்தது. கொஞ்சம் ரொட்டி மேசையில் மிச்சம் இருக்க வேண்டும்.

நான்கு துதிகளுக்கும் தல்மூத் ஒரு வரலாறு சொல்கிறது. உலகத்துக்கு உணவளிப்பவரே என்ற முதல் துதி, மன்னா விழுந்தபோது மோசே ஏற்படுத்தியது. நிலத்துக்கான இரண்டாவது, அந்த நிலத்தில் நுழைந்தபோது யோசுவா ஏற்படுத்தியது. எருசலேமுக்கான மூன்றாவது தாவீதும் சாலொமோனும் தந்தது. நான்காவது வேறு வகை. கி.பி. 132இல் பார் கொக்பா தலைமையில் ரோமுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி 135இல் பெத்தார் கோட்டை விழுந்ததோடு முடிந்தது. கொல்லப்பட்டவர்களை அடக்கம் செய்ய ரோமர்கள் விடவில்லை. பிறகு ஒருநாள் அனுமதி கிடைத்தபோது, யவ்னே நகரத்து அறிஞர்கள் ‘நல்லவரே, நன்மை செய்பவரே’ என்ற துதியைச் சேர்த்தார்கள். உடல்கள் அழுகவில்லை என்பதற்கு ‘நல்லவரே’. அடக்கத்துக்கு விடப்பட்டன என்பதற்கு ‘நன்மை செய்பவரே’. வெற்றி இல்லை, விடுதலை இல்லை. பிணங்களைப் புதைக்க முடிந்தது என்பதற்கு நன்றி. அதை ஒவ்வொரு முழுச் சாப்பாட்டுக்கும் பின்னால் வைத்தார்கள்.

மூன்று பேர் சேர்ந்து சாப்பிட்டால் ஒருவர் மற்றவர்களைத் துதிக்க அழைத்துத் தொடங்க வேண்டும். அதை ‘ஸிம்மூன்’ என்பார்கள். பத்துப் பேர் இருந்தால் அழைப்பில் கடவுளின் பெயரும் சேரும். பிர்காத் ஹமாஸோன் பெண்களுக்கும் கடமை என்கிறது மிஷ்னா. எந்த மொழியிலும் சொல்லலாம் என்றும் சொல்கிறது. மேய்ப்பன் பென்யாமின் என்ற ஒருவன் ரொட்டியைச் சுருட்டித் தின்றுவிட்டு, ‘இந்த ரொட்டியின் எஜமானருக்குத் துதி’ என்று அரமேய மொழியில் ஒரே வரியில் சொன்னான். அவன் கடமை அதோடு நிறைவேறியது என்று ரவ் என்ற அறிஞர் தீர்ப்புச் சொன்னார். அவர் கணக்கில் முதல் துதி அதிலேயே முடிந்துவிட்டது.

வேதம் ‘நிறைவடைந்து’ என்கிறது. அப்படியானால் அரைவயிற்றோடு எழுந்தவனுக்குக் கடமை இல்லை. ஆனால் ஒரு ஒலிவக் காய் அளவு தின்றாலே துதி சொல்ல வேண்டும் என்று ரபிகள் வைத்துக்கொண்டார்கள். இதைப் பற்றித் தல்மூதில் ஒரு காட்சி. பட்சபாதம் இல்லாதவர் என்று உம்மைச் சொல்கிறார்களே, இஸ்ரவேலுக்கு மட்டும் ஏன் முகம் காட்டுகிறீர் என்று தேவதூதர்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். எப்படிக் காட்டாமல் இருப்பேன், நிறைய உண்டால் துதி என்று நான் எழுதினேன், அவர்களோ ஒலிவக் காய் அளவுக்கே தங்களைக் கட்டிக்கொண்டார்கள் என்கிறார் கடவுள்.

சொல்ல மறந்து புறப்பட்டுவிட்டால்? பழங்கால அறிஞர் மரபுகள் இரண்டில், ஷம்மாய் பள்ளியினர் சாப்பிட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றார்கள். ஹில்லேல் பள்ளியினர் ஞாபகம் வந்த இடத்தில் சொன்னால் போதும் என்றார்கள். ரப்பா பார் பார் ஹானா என்ற அறிஞர் வணிகக் கூட்டத்தோடு போகும்போது இப்படி மறந்துவிட்டார். துதி சொல்லத் திரும்புகிறேன் என்றால் எங்கே சொன்னாலும் ஒன்றுதானே என்பார்கள். அதனால் தங்கப் புறா ஒன்றை மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிக் கூட்டத்தை நிறுத்திவிட்டுப் போனார். போன இடத்தில் துதியும் சொன்னார், தங்கப் புறாவும் கிடைத்தது என்கிறது தல்மூத். காலக்கெடுவும் உண்டு. உண்டது செரித்து மீண்டும் பசி எடுக்கும்வரை சொல்லலாம். பொதுவாக 72 நிமிடத்துக்குள் சொல்லிவிடச் சொல்வார்கள்.

இன்னொரு வழக்கும் அடிக்கடி வரும்: சொன்னோமா இல்லையா என்றே நினைவில்லை. ஹமோட்ஸி சொன்னோமா என்ற ஐயம் வந்தால் திரும்பச் சொல்லக் கூடாது. அது ரபிகள் விதித்த துதி. ஐயத்தின் பேரில் கடவுளின் பெயரை வீணாக எடுப்பதைவிடச் சாப்பிட்டுக்கொண்டு போவதே மேல். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிர்காத் ஹமாஸோன் சொன்னோமா என்ற ஐயம் வந்தால் தீர்ப்பு மாறுகிறது. அது வேதக் கட்டளை. முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும்.